செல்ஃப் சோர்வா சுத்துது, பேட்டரி புதுசு: எங்கே பார்க்கணும்?

கேட்டவர்:
350 சிசி பைக், சிங்கிள் சிலிண்டர். ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் அடிச்சு, பேட்டரியை சைடு பாக்ஸ்ல இருந்து சீட்டுக்குப் பின்னாடி மாத்தியிருக்கு. கேபிள் ரெண்டையும் நீட்டியாச்சு. இன்ஜின்ல கை வைக்கல. செல்ஃப் பட்டனை அழுத்தினா ஒரு இழுப்பு இழுத்து, பிஸ்டன் மேல ஏறும்போது நின்னுடுது. கிக்கர்ல உடனே ஸ்டார்ட் ஆகுது. பேட்டரி 12 வோல்ட் 9 ஏஎச், சும்மா இருக்கும்போது 12.7 காட்டுது. செல்ஃப் மோட்டாரை மாத்திடலாமா?

டப்பெட்:
இப்போதைக்கு எதையும் மாத்தாதீங்க ப்ரோ. 12.7 காட்டினா பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். லோடு தாங்குமான்னு பட்டனை அழுத்திக்கிட்டே பார்த்தாதான் தெரியும். ஸ்டார்ட் ஆகிடாம இருக்க பிளக் கேப்பைக் கழட்டி, அதுல ஒரு பழைய பிளக்கைச் சொருகி, அதோட உடம்பை இன்ஜின்ல நல்லா படும்படி கட்டிடுங்க. பிளக் இல்லாம கேப்பை அந்தரத்துல தொங்கவிட்டா சிடிஐ (பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கிற யூனிட்) போக வாய்ப்பு இருக்கு.

இப்போ மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வச்சு, செல்ஃப் சுத்தும்போதே நாலு இடத்துல பாருங்க. முதல்ல பேட்டரி பிளஸ்–மைனஸ்: 9.6க்குக் கீழ இறங்கினா பேட்டரியைச் சந்தேகப்படலாம். அடுத்தது மோட்டார் டெர்மினலுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவுல. மூணாவது, பேட்டரி பிளஸ்ல ஒரு புரோப் (மீட்டர் வயரோட முனை), மோட்டார் டெர்மினல்ல இன்னொண்ணு. ரிலேவும் (பட்டனை அழுத்தினா மோட்டாருக்கு கரண்ட் விடுற சுவிட்ச்) சேர்த்து 0.5 வரைக்கும் பரவாயில்ல. கடைசியா பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் கேஸுக்கும் நடுவுல, 0.3 தாண்டக்கூடாது. புரோபை லக் (கேபிள் முனையில இருக்கிற வளையம்) மேல வைக்காம பேட்டரி போல்ட் தலையிலேயே வைங்க, இல்லன்னா லக்குல இருக்கிற லூஸ் தெரியாமப் போயிடும். ஒரு தடவைக்கு 5 செகண்டுக்கு மேல அழுத்தாதீங்க, நடுவுல மோட்டார் ஆறட்டும்.

கேட்டவர்:
பேட்டரியில 10.9. மோட்டார்ல 8.3. பிளஸ் பக்கம் 0.5. மைனஸ் பக்கம் 2.1. மைனஸ் கேபிள் சீட்டுக்குக் கீழ ஃப்ரேம்லதான் போல்ட் ஆகியிருக்கு.

டப்பெட்:
கணக்கு நேரா வருது: 10.9ல 8.3 போனா 2.6, அதுல 2.1 எர்த்லயே காலி. மோட்டார் மேல தப்பில்ல. பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது. இன்ஜின் மவுண்ட் தட்டு, எர்த் போல்ட் இருக்கிற இடம் ரெண்டுலயும் கோட்டிங் மூடியிருக்கும். போல்ட் மரையில ஒட்டியும் ஒட்டாமலும் போற வழிதான் மிச்சம். செல்ஃப் சுத்தும்போது கிளட்ச் கேபிள் சூடாகுதான்னு தொட்டுப் பாருங்க. ஆச்சுன்னா ஸ்டார்ட்டர் கரண்ட் அது வழியா வீடு திரும்புது. உள்ள இருக்கிற லைனர் உருகிடும்.

மைனஸ் கேபிளை ஃப்ரேம்ல முடிக்காம நேரா இன்ஜின் கேஸ் போல்ட்டுக்கே கொண்டு போங்க. 16 ஸ்கொயர் எம்எம் காப்பர், ரெண்டு முனையிலயும் டின் பூசின லக், சரியான டூல்ல கிரிம்ப் (நசுக்கிப் பிடிக்க வைக்கிறது). கேஸ்ல லக் உட்கார்ற இடத்தை பளபளன்னு தேய்ச்சு, போல்ட் டைட் பண்ணின பிறகு மேல கிரீஸ் தடவுங்க. ஃப்ரேமையும் விட்டுடாதீங்க: லைட், ஹார்ன் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கு. இன்ஜின்ல இருந்து ஃப்ரேமுக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் ஒண்ணு போட்டு, அந்த முனையிலயும் கோட்டிங்கைச் சுரண்டிடுங்க.

கார்பன்பிரஷ்:
பிளஸ் கேபிளை நீட்டினது எந்த சைஸ்னு பாருங்க. 6 ஸ்கொயர் எம்எம்னா 100 ஆம்பியர்ல மீட்டருக்கு கிட்டத்தட்ட 0.3 வோல்ட் போயிடும், 16ல 0.1 தான். நடுவுல ஜாயிண்ட் வேணாம், ஒரே துண்டா மாத்துங்க.

கேட்டவர்:
மைனஸை மாத்தியாச்சு. இப்போ எர்த் பக்கம் 0.15. செல்ஃப் நிக்காம சுத்துது. ஆனா பேட்டரி வோல்டேஜ் முன்னாடி 10.9 இருந்தது இப்போ 10.4 ஆயிடுச்சே?

டப்பெட்:
அப்படித்தான் இறங்கணும். வழியில தடை போனதால மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்குது, அதனால பேட்டரி கொஞ்சம் கூடக் கீழ வருது. 9.6க்கு மேலதானே இருக்கு, கவலையில்ல. பிளஸ் கேபிளையும் முடிச்சுட்டு, இன்ஜினை 4000 ஆர்பிஎம்ல வச்சு பேட்டரியில சார்ஜிங் பாருங்க. 13.8ல இருந்து 14.5க்குள்ள வரணும்.