அமெரிக்க உயர்நிலைப் பள்ளிச் சீர்திருத்தங்கள்: நாற்பது ஆண்டு முயற்சியின் பலன் எங்கே?

நெடுவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கல்விக் கொள்கை பற்றிய முதுகலை ஆய்வேட்டுக்காக, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், அதாவது 9 முதல் 12 வரையிலான வகுப்புகளில், 1983க்குப் பின் நடந்த சீர்திருத்தங்களைத் தொகுத்து வருகிறேன். தொகுக்கத் தொகுக்கக் குழப்பமே மிகுகிறது. விவரம் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

1983 ஏப்ரலில், ரீகன் ஆட்சிக்காலத்தில் வெளியான 'எ நேஷன் அட் ரிஸ்க்' அறிக்கை, உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் நான்கு ஆண்டு ஆங்கிலமும், மூன்று ஆண்டு வீதம் கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவையும், அரையாண்டு கணினியியலும் படித்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையொட்டிப் பல மாநிலங்கள் பாடச் சுமையைக் கூட்டின. 2002 சனவரியில் கையெழுத்தான 'நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்' சட்டம், தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு பள்ளிகளிடம் கணக்குக் கேட்டது. 2009இல் ஒபாமா அரசு 'ரேஸ் டு த டாப்' என்ற பெயரில் 435 கோடி டாலரை மாநிலங்களுக்கிடையே போட்டிப் பரிசாக வைத்தது. 2010இல் பல மாநிலங்களுக்கும் பொதுவான 'காமன் கோர்' பாடத்தரங்கள் வந்தன. தனியார் அறக்கட்டளைகள் செலவிட்ட பணம் இவற்றில் சேராது.

இவ்வளவுக்கும் பிறகு, என்.ஏ.இ.பி. எனப்படும் தேசிய மதிப்பீட்டின் நீண்டகாலப் போக்கு வரிசையில், 9 வயதினரும் 13 வயதினரும் 1970களின் தொடக்கத்தைவிட 2012இல் கூடுதல் மதிப்பெண் பெற்றிருக்கிறார்கள். 17 வயதினரின் சராசரி மட்டும் வாசிப்பிலும் சரி, கணிதத்திலும் சரி, குறிப்பிடத்தக்க மாற்றமின்றி நிற்கிறது. சிறுவயதில் கிடைத்த முன்னேற்றம் உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்ததும் எங்கே போகிறது? சீர்திருத்தங்களுள் பலன் தந்ததாகச் சான்றுடன் சொல்லக்கூடியது எதுவும் உண்டா?

---

சுவடிக்கட்டு:

1983இலிருந்து தொடங்கினால் விடை கிடைக்காது என்பது என் கருத்து. இன்று சீர்திருத்த முயலும் அமைப்பின் எலும்புக்கூடு 1892க்கும் 1918க்கும் இடையில் உருவாகிவிட்டது.

1892இல் தேசியக் கல்விச் சங்கம் அமைத்த பதின்மர் குழு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட்டின் தலைமையில் கூடி, கல்லூரிக்குப் போகிறவருக்கும் போகாதவருக்கும் ஒரே தரமான பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்றது. அக்காலத்தில் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்றவர்களே சிறுபான்மையினர். 1918இல் வெளியான 'கார்டினல் பிரின்சிபிள்ஸ்' அறிக்கையோ உடல்நலம், தொழில், குடியுரிமை, ஓய்வு நேரப் பயன்பாடு உள்ளிட்ட ஏழு நோக்கங்களை வகுத்து, பள்ளியை எல்லோருக்குமான, ஆனால் ஆளுக்கொரு பாதை உள்ள இடமாக மாற்றச் சொன்னது. 1910இல் அந்த வயதினருள் ஏறத்தாழ 9 விழுக்காட்டினரே உயர்நிலைப் பள்ளியை முடித்தார்கள். 1940இல் ஏறத்தாழப் பாதிப்பேர் முடித்தார்கள். எல்லோரையும் உள்ளே சேர்ப்பது, எல்லோருக்கும் ஒரே தரம் தருவது என்ற இரண்டு இலக்குகளும் அன்று முதல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன. 1959இல் ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் எழுதிய அறிக்கை பெரிய, அனைத்தும் அடங்கிய பள்ளியைப் பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே பெரிய பள்ளிதான் நோய் என்றார்கள்.

இவற்றைவிட ஆழமாக வேரூன்றியது, பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் கார்னகி அலகு. 1905இல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் அளித்தார். அந்த நிதியை நிருவகித்த அறக்கட்டளை, ஓய்வூதியம் வேண்டும் கல்லூரிகள் மாணவர் சேர்க்கைக்கு 14 அலகு உயர்நிலைப் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஓர் அலகு என்பது ஆண்டுக்கு 120 மணி நேர வகுப்பு. பேராசிரியர்களின் முதுமைக்கால வருமானத்துக்காகப் போட்ட கணக்கு, நாடு முழுவதும் உள்ள பதின்பருவத்தினரின் கால அட்டவணையாகிப் போனது. மாணவர் எதைக் கற்றார் என்பதைவிட எத்தனை மணி நேரம் அமர்ந்திருந்தார் என்பதே அளவானது. மணி அடித்தால் அறை மாறுவதும், ஓர் ஆசிரியர் நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சந்திப்பதும், வரலாறும் இலக்கியமும் ஒன்றையொன்று அறியாமல் நடப்பதும் இதனோடு வந்தவை.

தாங்கள் பட்டியலிட்ட சீர்திருத்தங்களுள் ஒன்றுகூட இந்த அலகைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். 1983 அறிக்கை அலகுகளின் எண்ணிக்கையைக் கூட்டியது, அவ்வளவே. 1984இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டெட் சைசர் தொடங்கிய 'கோயலிஷன் ஆஃப் எசென்ஷியல் ஸ்கூல்ஸ்' மட்டும், ஓர் ஆசிரியரிடம் 80 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது, மணிக்கணக்கைக் காட்டிப் பட்டம் (உயர்நிலைப் பள்ளி நிறைவுச் சான்று) பெறாமல் கற்றதைச் செய்து காட்டிப் பெற வேண்டும் என்று அடிப்படையிலேயே கைவைத்தது. அந்த வழியில் நடந்த பள்ளிகளுள் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லத்தில் டெபோரா மையர் நடத்தியது புகழ் பெற்றது. பொது நடைமுறை அவர்களைப் பாராட்டிவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

---

மாதிரிக்கூறு:

சுவடிக்கட்டு அவர்கள் சொன்ன வரலாறு சரியே. ஆனால் கேள்வியில் உள்ள 17 வயதினரின் சராசரியை அப்படியே ஏற்றுக்கொண்டு மேலே செல்லக் கூடாது.

அதே 2012 வாசிப்பு வரிசையை இனவாரியாகப் பிரித்துப் பாருங்கள். வெள்ளை, கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்கள் ஆகிய மூன்று பிரிவிலும் 17 வயதினரின் மதிப்பெண் தொடக்க ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களின் உயர்வு பெரியது. மொத்தச் சராசரி மட்டும் அசையவில்லை. தொடக்கத்தில் சராசரி குறைவாக இருந்த பிரிவுகளின் பங்கு மாணவர் தொகையில் பெருகியதால், ஒவ்வொரு பிரிவின் உயர்வும் மொத்தத்தில் மறைந்துபோயிற்று. புள்ளியியலில் இது நன்கு அறியப்பட்ட மாயம். மேலும் இந்தத் தேர்வு பள்ளியில் இருப்பவர்களுக்கே நடத்தப்படுகிறது. முன்பு இடைநின்று போயிருக்கக்கூடிய மாணவர் இப்போது வகுப்பில் இருந்தால், அது வெற்றியாக இருந்தும் சராசரியைக் கீழே இழுக்கும். மதிப்பெண்ணால் தமக்கு லாபமோ நட்டமோ இல்லாத ஒரு தேர்வை 17 வயது மாணவர் எவ்வளவு அக்கறையுடன் எழுதுவார் என்ற ஐயமும் நெடுநாளாக உள்ளது.

இதனால் எல்லாம் நலம் என்று நான் வாதிடவில்லை. கறுப்பின மாணவர்களின் வாசிப்பு உயர்வில் பெரும்பகுதி 1990க்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. பெயர்பெற்ற சீர்திருத்தங்கள் பல அதற்குப் பிறகே வந்தன. தேக்கத்தைக் காட்ட விரும்பினால், சராசரியை விட்டுவிட்டு இதைக் காட்டுவதே நேர்மையானது.

---

நெடுவழி:

இருவருக்கும் நன்றி. இனவாரிப் பிரிப்பை இன்றே சேர்த்துக்கொள்கிறேன். என் கேள்வியின் இரண்டாம் பாதி மீதமிருக்கிறது: சான்றுடன் பலன் தந்தது எது? சிறு பள்ளித் திட்டம் தோல்வி என்று பல கட்டுரைகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன.

---

கிழக்காறு:

அந்த ஒரே வரி அநியாயமானது. நான் நியூயார்க்கில் வசிக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் அந்த நகரத்தின் சிறு பள்ளிகளில் படித்தவர்கள் என்பதால் எனக்குச் சார்பு உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

2000க்குப் பின் கேட்ஸ் அறக்கட்டளை, பெரிய உயர்நிலைப் பள்ளிகளைச் சில நூறு மாணவர்களே உள்ள சிறு பள்ளிகளாக மாற்றுவதற்கு ஏராளமாகச் செலவிட்டது. 2005இல் மாநில ஆளுநர்கள் கூடிய மாநாட்டில், அமெரிக்க உயர்நிலைப் பள்ளி காலாவதியாகிவிட்டது என்று பில் கேட்ஸ் பேசினார். 2009இல் தம் ஆண்டுக் கடிதத்தில், தாங்கள் நிதியளித்த சிறு பள்ளிகளுள் பலவற்றில் மாணவர் கற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று அவரே எழுதினார். தோல்வி என்ற முத்திரை அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் சிறு பள்ளி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட வேலைகள் நடந்தன. டென்வரின் மேனுவல் உயர்நிலைப் பள்ளியை 2001இல் அதே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகளாகப் பிரித்தார்கள். மாணவர் எண்ணிக்கை சரிந்து, 2006இல் அதை மூடவே நேர்ந்தது. நியூயார்க்கிலோ, மேயர் புளூம்பெர்க் காலத்தில், 2002 முதல் 2008 வரையிலான ஆண்டுகளில், மிக மோசமாக இயங்கிய 20க்கும் மேற்பட்ட பெரிய பள்ளிகளை மூடிவிட்டு, 200க்கும் மேற்பட்ட புதிய பள்ளிகளைத் தொடங்கினார்கள். புதிய தலைமையாசிரியர், புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசிரியர்கள், வெளி நிறுவனங்களின் துணை ஆகிய அனைத்தும் சேர்ந்து வந்தன. இடத்தைவிட விண்ணப்பம் மிகுந்த பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் கிடைத்ததால், இடம் கிடைத்தவரையும் கிடைக்காதவரையும் ஒப்பிடும் அரிய வாய்ப்பு எம்.டி.ஆர்.சி. ஆய்வு நிறுவனத்துக்கு வாய்த்தது. நான்காண்டில் பட்டம் பெறுவோர் விகிதம் இடம் கிடைத்தவர்களிடையே ஏறத்தாழ 9 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. கறுப்பின மாணவர்களும் ஏழை மாணவர்களும் இதில் பயனடைந்தார்கள்.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. மூடப்பட்டுவந்த பெரிய பள்ளிகளின் கடைசி வகுப்புகளில் சிக்கிய பிள்ளைகளைப் பற்றி அந்த ஆண்டுகளில் பெற்றோர் கூட்டங்களில் கேட்ட கோபம் சாதாரணமானதன்று. அது நியாயமான கோபம்.

---

ஒன்பதாம்வகுப்பு:

அமெரிக்கப் பொதுப் பள்ளி ஒன்றில் மாணவர் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். பெரிய பெயரும் பெரிய பணமும் இல்லாத ஒரு முயற்சியைச் சொல்ல விரும்புகிறேன்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வுக் கூட்டமைப்பு 2005இல் ஓர் எளிய அளவுகோலை முன்வைத்தது. ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் ஐந்து முழுக் கிரெடிட் (பாடத்தில் தேறினால் கிடைக்கும் அலகு) பெற்று, முதன்மைப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோல்வியடையாத மாணவர் 'பாதையில் இருக்கிறார்'. அவ்வாறு இருப்பவர் நான்காண்டில் பட்டம் பெறும் வாய்ப்பு, இல்லாதவரைவிட மூன்றரை மடங்கு. எட்டாம் வகுப்பு மதிப்பெண், குடும்ப வருமானம் ஆகியவற்றைவிட இது நன்றாக முன்னறிவித்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். பதினொன்றாம் வகுப்பில் இடைநிற்கும் மாணவர் பெரும்பாலும் ஒன்பதாம் வகுப்பின் அக்டோபர் மாதத்திலேயே நழுவத் தொடங்கியிருப்பார். இரண்டு வாரம் வராமல் இருந்திருப்பார், இயற்கணிதத்தில் தோற்றிருப்பார், யாரும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்திருக்க மாட்டார்கள். சிகாகோவில் இந்தத் தகவல் ஆண்டு இறுதிவரை காத்திராமல் பள்ளிகளுக்கு அவ்வப்போது போய்ச் சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் ஒன்றாக அமர்ந்து பெயர் பெயராகப் பேசினார்கள். 2007இல் 57 விழுக்காடாக இருந்த அந்த விகிதம் 2013இல் 82 ஆயிற்று. சில ஆண்டுகள் கழித்துப் பட்டம் பெறுவோர் விகிதமும் ஏறியது.

எந்த எண்ணை இலக்காக்கினாலும் அதை வளைக்கவும் முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒரே முறையில் கணக்கிடத் தொடங்கிய 2010–11இல் நாட்டளவில் 79 விழுக்காடாக இருந்த பட்டம் பெறுவோர் விகிதம் 2018–19இல் 86 ஆனது. அதில் எவ்வளவு கற்றல், எவ்வளவு கிரெடிட் மீட்பு என்று பிரிப்பது கடினம். தோற்ற பாடத்தைக் கணினித் திரையில் சில நாட்களில் முடித்துக் கிரெடிட் பெறும் வகுப்புகளை நானே மேற்பார்வையிட்டிருக்கிறேன். சில மாணவர்களுக்கு அது உயிர்க்கயிறு, பலருக்கு வெறும் சொடுக்கல். வாஷிங்டன் டி.சி.யில் 2017இல் பட்டம் பெற்றவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர், வருகை விதிகளோ பிற விதிகளோ மீறப்பட்டுத் தேர்ச்சி பெற்றவர்கள் என்று நகர நிருவாகமே அமர்த்திய தணிக்கை கண்டது. விதிகளை இறுக்கிய அடுத்த ஆண்டில் விகிதம் இறங்கியது.

---

சுவடிக்கட்டு:

ஒன்பதாம்வகுப்பு அவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் கிரெடிட் மீட்பு என்ற கேலிக்கூத்து சாத்தியமாவதே கார்னகி அலகால்தானே? அந்த அலகை உருவாக்கிய அறக்கட்டளையே இப்போது அதைக் கைவிட வேண்டும் என்று முயல்கிறது. ஆனால் கல்லூரிச் சேர்க்கை, ஆசிரியர் ஒப்பந்தம், மாநில நிதி ஆகிய எல்லாம் அதில் பின்னிக் கிடக்கையில், ஏறத்தாழ 13,000 கல்வி மாவட்டங்கள் உள்ள நாட்டில் மாற்று அளவுக்கு யார் கையெழுத்திடுவார்?

---

உலைக்கூடம்:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் பட்டம், மதிப்பெண் என்ற இரண்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். கேரியர் அகாடமிகளை நெடுவழி தம் ஆய்வேட்டில் சேர்க்க வேண்டும்.

1969இல் பிலடெல்பியாவில் தொடங்கிய இந்த முறையில், பெரிய பள்ளிக்குள் ஒரு சிறு குழுவாக மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் ஒரே ஆசிரியர்களிடம் படிக்கிறார்கள். வழக்கமான பாடங்களுடன் மருத்துவம், நிதி, மின்னணு போன்ற ஒரு துறையும், உள்ளூர் நிறுவனங்களில் பயிற்சியும் சேரும். 1990களில் குலுக்கல் முறையில் மாணவர்களைச் சேர்த்து எம்.டி.ஆர்.சி. இதையும் ஆய்ந்தது. தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு இல்லை; பட்டம் பெறும் விகிதத்திலும் இல்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் இதுவும் தோல்விப் பட்டியலில் சேர்ந்திருக்கும். ஆனால் அதே மாணவர்களைப் பள்ளி முடிந்து எட்டு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தபோது, அகாடமியில் இடம் பெற்றவர்களின் ஆண்டு வருமானம் சராசரியாக 11 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தேர்வு ஒன்றைக் கொண்டே பள்ளியை எடைபோட்ட 2002க்குப் பிந்தைய ஆண்டுகளில், இத்தகைய பலனைப் பார்க்கும் கண்ணே கொள்கை வகுப்பாளர்களிடம் இல்லை. 2024 நவம்பரில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள், பட்டம் பெற மாநிலத் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்ற விதியை நீக்கியதில் அந்தச் சலிப்பும் ஓரளவு தெரிகிறது என்பேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். அந்த வருமான உயர்வு பெரும்பாலும் இளைஞர்களுக்கே கிடைத்தது; இளம்பெண்களிடம் அது புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. அகாடமிகளில் எந்தத் துறைகளுக்குப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள் என்பதில் தொடங்கினால், தங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு தனி இயலே கிடைக்கும்.