கொல்லையில இரை வச்சும் குருவி வரமாட்டேங்குது, உதவி பண்ணுங்க

கொல்லைப்புறம்: கார்த்திகை வரைக்கும் தினம் இருபது முப்பது குருவி வந்துச்சு, மார்கழி பாதியிலேர்ந்து ஒண்ணுகூட இல்ல. அம்மா விடியக்காலையில எட்டிப் பாத்துட்டு ஏமாந்து போறாங்க. சீக்கிரம் சொல்லுங்க.

மன்னார்குடிக்காரன்: எந்த ஊரு? என்ன இரை? பூனை நடமாட்டம் உண்டா? ஒண்ணுமே சொல்லலியேம்மா.

ஐயாத்தங்கரை: பக்கத்துல செல்போன் டவர் வந்திருக்கும் பாருங்க. எங்க தெருவுல டவர் வந்த வருஷந்தான் குருவி போச்சு.

சில்லைநேசன்: இத எத்தன தடவதான் சொல்றது. குருவின்னா எந்தக் குருவி? தொண்டை கறுப்பா இருந்தா ஆண் சிட்டுக்குருவி, மார்புல மீன் செதில் மாதிரி இருந்தா புள்ளிச் சில்லை. தேன்சிட்டு, தையல்சிட்டுக்கெல்லாம் தானியம் வச்சுப் பிரயோஜனமில்ல. பாக்கக் கத்துக்கிட்டுக் கேளுங்க.

கொல்லைப்புறம்: செதில்தான் அண்ணே. திருத்துறைப்பூண்டி பக்கம். கம்பும் தினையும் தட்டுல வச்சுக் கொய்யா மரத்துல தொங்குது. பூனை இல்ல.

வரப்புமேடு: அப்ப வயலுக்குப் போய்ப் பாரும்மா. சம்பா இப்ப பால் கட்டுற சமயம், மணிய நசுக்கினா வெள்ளையா வருதே அதத் தின்னத்தான் போயிருக்கும். எங்க வயல்லயும் கூட்டமா எறங்குது, அது உக்காந்தா கதிரு வளைஞ்சு ஆடும். அறுப்பு முடிஞ்சா வீட்டுப் பக்கம் திரும்பும்.

ஐயாத்தங்கரை: சில்லைக்கு அது சரி, சிட்டுக்குருவி எங்க போச்சு? டவர்தான்.

சில்லைநேசன்: டவர்தான்னு யாரும் நிரூபிக்கல தம்பி. ஓட்டு வீடு போச்சு, கூடு கட்ட இடுக்கு இல்ல. குஞ்சுக்குப் பூச்சி ஊட்டணும், மருந்தடிச்சுப் பூச்சியும் போச்சு.

ஐயாத்தங்கரை: மருந்தடிக்கிறது யாரு, வயக்காரங்கதானே?

வரப்புமேடு: எல்லாரையும் ஒண்ணாச் சேக்காதீங்க. நான் மாப்பிள்ளைச் சம்பா போடுறேன், மருந்து அடிக்கிறதில்ல. எங்கப்பா மொத அறுப்புக் கதிரக் குஞ்சமாக் கட்டித் திண்ணை உத்தரத்துல தொங்கவிடுவாரு, குருவிக்குன்னே. நானும் இன்னிக்கு வரைக்கும் கட்டுறேன்.

மன்னார்குடிக்காரன்: சண்டைய விடுங்க. தங்கச்சி, தட்ட மோந்து பாத்தியா? ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்ச தினை பூசணம் புடிச்சிரும், அது குருவிக்கு ஆகாது. எல்லாத்தையும் கொட்டிட்டு வெந்நீர்ல தேச்சுக் கழுவி நல்லா வெயில்ல காயவை, தண்ணி வடிய அடியில ஓட்டை போடு, ஒரு நாளைக்குத் தேவையானது மட்டும் வை.

கொல்லைப்புறம்: அண்ணே, அடியில பச்சையாக் கட்டி கட்டியா இருந்துச்சு, மேல மேல புதுசு போட்டதுல தெரியல. கழுவிட்டேன். நேத்து சாயங்காலம் ரெண்டு வந்துச்சு, அம்மா கூப்பிட்டுக் காட்டுனாங்க. பக்கத்து வயல்ல ஒரு பிடி கதிரும் கேட்டிருக்கேன்.