தெள்ளா, உண்ணியா? பூனையின் அரிப்புக்கு ஒரு பெயர்

பொருள்: பெயர் வேண்டும்
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

குழுவினருக்கு வணக்கம்.

ஏற்காட்டில் கால்நடை மருத்துவம் பார்க்கும் நம் குழுவின் அம்மையார், பூனை வளர்ப்போருக்குக் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை வேண்டும் என்றார். எழுதித் தருகிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாகத் தலைப்பிலேயே நிற்கிறேன்.

நோய் இதுதான். பூனையின் மேல் வாழும் தெள்ளு என்ற இறக்கையில்லாத பூச்சி, இரத்தம் உறிஞ்சும்போது தன் உமிழ்நீரைத் தோலுக்குள் விடுகிறது. பல பூனைகள் இரண்டு முறை சொறிந்துவிட்டு அதை மறந்துவிடும். சில பூனைகளின் உடலோ அந்த உமிழ்நீரிலுள்ள புரதங்களுக்கு எதிராகக் கொதித்தெழுகிறது. கழுத்து, முகம், முதுகு, வால் தொடங்கும் இடம், அடிவயிறு எல்லாம் அரிப்பு. நக்கி நக்கியே முடி கொட்டிவிடும். தடவினால் முடிக்கடியில் பொடிப்பொடியாகப் பொருக்கு நெருடும். இத்தனைக்கும் நூறு பூச்சிகள் வேண்டாம், இரண்டொரு கடி போதும்.

கையிலிருக்கும் பெயர்கள் மூன்று. கடைகளில் கேட்டது "உண்ணி அலர்ஜி". நான் தட்டிக்கொட்டியது "தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைத் தோலழற்சி". என் மனைவி சொன்னது "பூச்சிக்கடிச் சொறி". மூன்றாவதுதான் தெருவில் எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் சொறி என்பது வேறு நோய், அதைத் தொடாதீர்கள் என்கிறார் மருத்துவர். உங்கள் கருத்து?

*

பொருள்: மறுமொழி: பெயர் வேண்டும்
அனுப்பியவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அன்புடையீர்,

சேலத்துக்காரர் ஒரு கலைச்சொல்லுக்காகக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கலாமா? இராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்த காலத்தில், 1916ஆம் ஆண்டில், அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம். தாவரவியலுக்கும் வேதியியலுக்கும் வானியலுக்கும் சொல் தேடினார்கள். அவர்கள் பூனையை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

என் பரிந்துரை: தெள்ளுமிழ்நீர் மிகையுணர்வுத் தோலழற்சி. கடிப்பது எது, கேடு எதில் இருக்கிறது, உடல் என்ன செய்கிறது, விளைவு எங்கே தெரிகிறது, நான்கும் இதில் அடங்கிவிட்டன. எதையும் விடவில்லை.

*

பொருள்: மறுமொழி: பெயர் வேண்டும்
அனுப்பியவர்: கால்நடை மருத்துவர், ஏற்காடு

ஐயா, உங்கள் சொல்லில் பிழையே இல்லை. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பூனை மேசையிலிருந்து குதித்துப் போய்விடும் என்பதுதான் என் குறை.

என்னிடம் வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று சொல்கிறேன். "உண்ணி ஒன்றுகூட இல்லை, நானே தேடிப் பார்த்துவிட்டேன்" என்பார்கள். உண்மைதான், இருக்காது. உண்ணிக்கு எட்டுக் கால். ஓரிடத்தில் தோலைக் கவ்வி, இரத்தம் குடித்து, பயறுபோல் உப்பிக் கிடக்கும். யார் கண்ணிலும் படும். நாம் தேடுவதற்கு ஆறு கால். பக்கவாட்டில் தட்டையான உடம்பு என்பதால் முடிகளுக்கிடையே வழுக்கி ஓடிவிடும், பின்னங்காலால் உந்தித் தாவிவிடும். இந்த ஒவ்வாமை உள்ள பூனை ஓயாமல் நக்கிப் பூச்சிகளை விழுங்கியும் விடுகிறது. ஆகவே நோய் முற்றிய பூனையிடம் பூச்சியே அகப்படாமல் போகலாம். இல்லாத பூச்சிக்கு நான் மருந்து எழுதுவதாக எண்ணிக் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒருவர் வீட்டைச் சுற்றியிருந்த உண்ணிச்செடிப் புதரை எல்லாம் வெட்டிவிட்டு வந்து, இனி உண்ணி வராது அல்லவா என்று கேட்டார். பாதைக்கு நல்லதுதான், பூனைக்கு ஒரு பயனும் இல்லை.

பூச்சி ஒளிந்தாலும் அதன் கழிவு ஒளியாது. பேன்சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் வையுங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த இரத்தம். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். இந்தத் துகளுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

*

பொருள்: மறுமொழி: பெயர் வேண்டும்
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

> எதையும் விடவில்லை.

ஐயா, அங்கேதான் உங்களோடு மாறுபடுகிறேன். வியர்க்குரு என்கிறோம். வியர்வை நாளம் அடைபடுவதைப் பற்றி அந்தச் சொல் வாயே திறக்கவில்லை. வியர்வையையும் குருவையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது, குழந்தைக்கும் புரிகிறது. வரையறையை அகராதி பார்த்துக்கொள்ளட்டும். பெயர் நாக்கில் நிற்க வேண்டும்.

புதுச்சொல்லுக்கு முன்னால் ஒரு பழஞ்சொல்லை மீட்டாக வேண்டும் என்பது என் கட்சி. தெள்ளு என்ற நல்ல சொல்லை உண்ணி விழுங்கிவிட்டது. இதை ஏட்டுச் சண்டையாக எண்ணாதீர்கள். என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

எங்களிடம் மிளகு என்றொரு கறுப்புப் பூனை இருக்கிறது. சென்ற ஆண்டு அது கழுத்தைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. கடைக்குப் போய் "உண்ணி மருந்து" கேட்டேன். உண்ணி என்றால் நாய் என்பது கடைக்காரர் கணக்கு. நாய்க்கான சொட்டு மருந்தைக் கொடுத்தார். நானும் எழுத்தைப் படிக்காமல் பூனையின் கழுத்தில் விட்டேன். அதிலிருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. நாய் தாங்கிக்கொள்ளும் அந்தப் பொருளைப் பூனையின் கல்லீரலால் முறித்து வெளியேற்ற முடியாது. சில மணி நேரத்தில் காது துடித்தது, பிறகு கால் துடித்தது, பிறகு உடம்பு முழுவதும் நடுங்கியது. மருத்துவரிடம் தூக்கி ஓடினோம். பாத்திரம் கழுவும் திரவத்தால் மருந்தைக் கழுவி, நடுக்கத்தை அடக்க ஊசி போட்டு, இரண்டு நாள் வைத்திருந்து பிழைக்கவைத்தார்கள். என் பங்குக் குற்றம் படிக்காதது. மீதிக் குற்றம் அந்தச் சொல்லுடையது. மொழிபெயர்ப்பாளன் வீட்டிலேயே இப்படி.

பக்கத்து மொழியிலும் இதே குழப்பம் இருக்கிறது. நாம் உண்ணிக்காய்ச்சல் என்பதை மலையாளிகள் செள்ளுப்பனி என்கிறார்கள். (சேர்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினரைச் சொல்லவில்லை, கேரளத்தாரைச் சொல்கிறேன்.) செள்ளு வேறு யாருமில்லை, நம் தெள்ளேதான். அந்தக் காய்ச்சலைப் பரப்புவதோ நாய்மேல் உப்பிக் கிடக்கும் உண்ணியும் இல்லை, தெள்ளும் இல்லை. கண்ணுக்கு எளிதில் தென்படாத சிற்றுண்ணியின் இளம்புழு.

தெள்ளு ஏன் நல்ல சொல்? முறத்தில் தெள்ளும்போது தவசம் துள்ளி விழுகிறதே, அந்தத் துள்ளல் காதில் கேட்கிறது. சொற்பிறப்பு என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. நினைவில் நிறுத்த உதவும், அவ்வளவுதான்.

முன்னால் "பூனை" சேர்க்கலாமா என்று இருவர் தனிமடலில் கேட்டார்கள். வேண்டாம். உயிரியலில் பூனைத்தெள்ளு என்றே பெயர் பெற்ற இனந்தான் நாய்மேலும் மிகுதியாகக் காணப்படுகிறது. பூனையைப் பெயரில் கட்டிவிட்டால், அதே வீட்டு நாய்க்கு மருந்து போட யாருக்கும் தோன்றாது. பூனை குணமான மறுவாரமே நாயிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும்.

என் முடிவு: தெள்ளுக்கடி ஒவ்வாமை. கடி என்ற சொல் உள்ளே இருப்பதால், பூச்சி கூட்டமாக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் வராது. தோலழற்சி என்பதை மருத்துவர்கள் தங்கள் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளட்டும்.

கருந்துகளுக்குத் தெள்ளெச்சம். பறவையின் எச்சம் நமக்குப் பழகிய சொல்தானே. உமிழ்நீருக்குத் தெள்ளெச்சில் என்று நேற்று எழுதிப் பார்த்து மகிழ்ந்தேன். இன்று காலை இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன், கிழித்துப் போட்டேன். எச்சிலும் எச்சமும் அச்சில் ஓரெழுத்துத் தொலைவில் நின்றால் அச்சகத்தாரே மாற்றிவிடுவார்கள். உமிழ்நீர் உமிழ்நீராகவே இருக்கட்டும்.

இன்னொன்று. பிடரியில் விடும் மருந்தைத் துண்டறிக்கையில் வெறுமனே சொட்டு மருந்து என்று எழுதக் கூடாது. தமிழ்நாட்டில் சொட்டு மருந்து என்றால் போலியோ, போலியோ என்றால் வாய். யாராவது பூனையின் வாயைப் பிளந்துவிடுவார்கள். பிடரிச்சொட்டு என்போம். நாக்கு எட்டாத இடம் என்பதால்தானே அங்கே விடுகிறோம். காரணமும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

*

பொருள்: மறுமொழி: பெயர் வேண்டும்
அனுப்பியவர்: கால்நடை மருத்துவர், ஏற்காடு

தெள்ளுக்கடி ஒவ்வாமை. எடுத்துக்கொண்டேன். பிடரிச்சொட்டை நாளையிலிருந்தே சொல்லப் போகிறேன்.

அறிக்கையில் வீட்டைப் பற்றி அழுத்தமாக எழுதுங்கள். பூனைமேல் இருப்பவை வளர்ந்த தெள்ளுகள் மட்டுமே. ஒரு பெண் தெள்ளு நாளுக்கு நாற்பது முட்டைகூட இடும். அவை வழுக்கி விழுந்து பாயிலும் சாக்கிலும் மெத்தையிலும் பொரிக்கின்றன. புழுக்கள் அந்தத் தெள்ளெச்சத்தையே தின்று வளரும். கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் காத்திருக்கும். மலையின் ஈரமும் மிதமான வெப்பமும் இவற்றுக்கு ஏற்றவை. காய்ந்த காற்றில் புழுக்கள் பிழைப்பது கடினம். அதனால் சேலத்து வெயிலை நம்பி இருக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள், நிழலான மூலையில் இவற்றுக்கு எல்லாம் உண்டு. ஆகவே பூனை படுக்கும் துணியைச் சுடுநீரில் துவைக்க வேண்டும், இண்டு இடுக்கு விடாமல் கூட்ட வேண்டும், வீட்டிலுள்ள எல்லாப் பூனை நாய்களுக்கும் குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்து மருந்து விட வேண்டும்.

பினாயில் ஊற்றிக் கழுவிய தரையில் பூனையை விடாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். காலில் ஒட்டுவதை அது நக்கும். பீனால் வகைப் பொருள்களும் பூனைக்கு நஞ்சு. மண்ணெண்ணெய், பூண்டுச் சாறு, தேயிலைமர எண்ணெய் என்று யார் எதைச் சொன்னாலும் தடவக் கூடாது. அரிப்பு அடங்காவிட்டால் ஊசியோ மாத்திரையோ நான் பார்த்துத் தருவேன். போன முறை மீந்த மாத்திரையைத் தாங்களாகக் கொடுக்க வேண்டாம்.

மறந்துவிட்டேன், அந்தப் பொடிப் பொருக்குக்கு என்ன பெயர்?

*

பொருள்: பொருக்கு
அனுப்பியவர்: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

என் நீண்ட சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பூனை குதித்துவிடும் என்ற வாதத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

பொருக்குக்கு வருகிறேன். மேலை மருத்துவத்தில் இதற்கு வைத்த பெயர் சிறுதானியத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வியர்க்குருவின் மருத்துவப் பெயருக்கும் அதே வேர். அங்கே அவர்கள் நினைத்த தானியம் நம் பனிவரகு. எனவே வரகுக்குரு.

*

பொருள்: மறுமொழி: பொருக்கு
அனுப்பியவர்: காப்பித் தோட்ட மேலாளர், ஏற்காடு

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தானியம் என்றதும் எழுதத் தோன்றியது.

எங்கள் காப்பிக் கிடங்கில் சாக்கு மூட்டைமேல் மூன்று பூனைகள் படுத்திருக்கும். அவற்றில் ஒன்றுக்கு இதே தொல்லை. அங்கே வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். எதையும் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தடவிவிட்டு, "சாமையைக் கொட்டி வைத்த மாதிரி இருக்கிறது. தெள்ளு கடித்திருக்கும்" என்றார். இந்த மலையில் சாமை தெரியாத கை கிடையாது. பனிவரகை இங்கே யாருக்குக் காட்டப் போகிறீர்கள்? சாமைக்குரு என்று போடுங்கள்.

*

பொருள்: மறுமொழி: மறுமொழி: பொருக்கு
அனுப்பியவர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

சாமைக்குரு. அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாம் பத்து நாளாகக் குழுவில் தேடிய தெள்ளையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

துண்டறிக்கை இரவுக்குள் வந்துவிடும். ஒரே ஒரு சொல் பாக்கி. புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிறார்களே, புனலைக் கவிழ்த்ததுபோல ஒன்று, அதை ஆங்கிலேயர் தங்கள் பழைய அரசி ஒருவரின் காலத்துக் கழுத்தணியின் பெயரால் அழைக்கிறார்கள். நமக்கு அந்த அரசி எதற்கு? நக்குத்தடை என்று எழுதியிருக்கிறேன். வீட்டில் "புனல்" என்றே சொல்கிறோம். மிளகு அதை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து கட்டிலில் இடித்துக்கொண்டதால், என் மகள் "ஒலிபெருக்கி" என்கிறாள். வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.