தனியுரிமை விவகாரத்தில் போட்டி ஆணையத்துக்கு என்ன வேலை?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வாட்ஸ்அப்பின் 2021ஆம் ஆண்டுத் தனியுரிமைக் கொள்கைக்காக, வாட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் தன் கையில் வைத்திருக்கும் மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததையும், அது மேல்முறையீட்டுக்குப் போனதையும் செய்தித்தாளில் படித்து வருகிறேன். என் தகவல் யார் கைக்குப் போகிறது என்பது தனியுரிமை பற்றிய கேள்வி. போட்டி ஆணையமோ, கூடிப் பேசி விலையை ஏற்றும் சிமென்ட் ஆலைகளைப் பிடிக்கிற அமைப்பு என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். அதற்கு இதில் என்ன வேலை? அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி செய்திகளைப் பூட்டித்தான் அனுப்புகிறார்கள் என்றால், எடுத்துக்கொள்வதற்கு அங்கே என்னதான் இருக்கிறது?

இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2021 தொடக்கத்தில் அந்த அறிவிப்பு என் கைப்பேசித் திரையில் வந்தபோது பள்ளிகள் மூடிக் கிடந்தன. மகளின் பாடங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு வரிகூடப் படிக்காமல் ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். மறுத்திருந்தால் மறுநாள் கணக்குப் பாடம் எந்தப் பக்கம் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்காது.

கறுப்பு அங்கி:

வைகைக்கரை அவர்களுக்கு, உங்கள் முதல் கேள்விக்கான விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, சந்தையில் மேலாதிக்க நிலையில் உள்ள நிறுவனம் நியாயமற்ற விலையை விதிப்பதை மட்டும் தடுக்கவில்லை. நியாயமற்ற நிபந்தனைகளை விதிப்பதையும் தடுக்கிறது. பணம் வாங்காத சேவையில் நாம் கொடுப்பது நம் தரவு. அதை எவ்வளவு கேட்கலாம், மறுப்பவரை என்ன செய்யலாம் என்பவை அந்தச் சேவையின் நிபந்தனைகளே.

2016 ஆகஸ்டில் வந்த கொள்கையில், தங்கள் கணக்கு விவரங்களை பேஸ்புக் தன் விளம்பரங்களுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு அப்போதைய பயனர்களுக்கு 30 நாள் அவகாசம் இருந்தது. 2021 கொள்கையில் அந்த வழி அடைக்கப்பட்டது: ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு. முதலில் பிப்ரவரி 8 என்று வைத்த கெடு, எதிர்ப்பு எழுந்த பிறகு மே 15க்குத் தள்ளிப்போனதே தவிர நிபந்தனை மாறவில்லை. அந்தப் பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் வாட்ஸ்அப் பயனர்கள் 53 கோடிப் பேர். நல்ல போட்டி இருக்கும் சந்தையில் ஒரு கடைக்காரர் நிபந்தனையைக் கடுமையாக்கினால் வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். இங்கே போக முடியவில்லை. அந்தப் போக முடியாமையைத்தான் சட்டம் மேலாதிக்கம் என்கிறது. அந்த நிலையில் அழுத்திய பொத்தானை ஒப்புதல் என்று என்னால் ஏற்க முடியாது.

நம் ஆணையம்தான் இவ்வழியில் முதலில் போனது என்றும் இல்லை. ஜெர்மனியின் போட்டி ஆணையம் 2019 பிப்ரவரியிலேயே பேஸ்புக்குக்கு எதிராக இதே தடத்தில் ஆணையிட்டது. போட்டி அமைப்புகள் தரவுப் பாதுகாப்புச் சட்ட மீறலையும் கணக்கில் கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2023 ஜூலை 4 அன்று தீர்ப்பளித்தது.

நம் வழக்கில் 2024 நவம்பர் 18 அன்று வந்த ஆணை, அபராதத்தோடு, விளம்பர நோக்கத்துக்காகப் பயனர் தரவை மெட்டாவின் பிற நிறுவனங்களுடன் ஐந்தாண்டுகளுக்குப் பகிரக் கூடாது என்றும் தடை விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 ஜனவரியில் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. நவம்பரில் அபராதத்தை உறுதிசெய்து, தடையை நீக்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தமே. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு 213 கோடி ரூபாய் ஒரு பாரமே அல்ல. அந்த ஆணைக்கு உயிர் கொடுத்ததே தடைதான்.

சர்வர் அறை:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். இரண்டு தனிமனிதர்கள் பேசிக்கொள்ளும் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருப்பது உண்மை. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பூட்டுக்கு வெளியே இருப்பவை வேறு: உங்கள் எண், கைப்பேசி வகை, உங்கள் இணைய இணைப்பின் முகவரி (ஐபி), செயலியை எவ்வளவு நேரம், எப்படிப் பயன்படுத்துகிறீர்கள், எந்தெந்த வணிகக் கணக்குகளோடு தொடர்புகொள்கிறீர்கள் என்பன.

2021 மாற்றத்தின் மையம் இந்த வணிகக் கணக்குகள்தான். ஒரு ஜவுளிக்கடையின் வாட்ஸ்அப் தொடர்பைப் பராமரிப்பது என் வேலைகளில் ஒன்று. ‘தங்கையின் திருமணம் தை மாதம், முகூர்த்தப் புடவை அரக்கு நிறத்தில் இருக்கிறதா, விலை என்ன’ என்று ஒரு பெண் எழுதுகிறார். அவருடைய பூட்டு கடையின் கணக்கு வாசலோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்த வரியைக் கடை ஊழியர்கள் நால்வர் படிக்கிறார்கள். அது வெளி நிறுவனம் ஒன்றின் சர்வரில் தங்குகிறது. அதை வைத்துக் கடை தன் விளம்பரத்தைத் திட்டமிடலாம், பேஸ்புக்கில் செய்யும் விளம்பரமும் அதில் அடங்கும். வீட்டில் திருமணம், இன்ன மாதம், இன்ன விலைக்குள் என்று அவர் சொன்னது கடைக்காரருக்கு மட்டும்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது.

இன்னொன்று, காப்புப் பிரதி, அதாவது பழைய செய்திகளைச் சேமித்து வைக்கும் நகல். அதைப் பூட்டும் மறையாக்கத்தை நீங்களே அமைப்புகளில் தேடி இயக்கினால்தான் உண்டு. இன்றே பாருங்கள்.

பொன்னேரி வாசகர்:

மாற்றுக் கருத்துக்கு இடம் உண்டு என்று நம்பி எழுதுகிறேன். ஒரு காசு வாங்காமல் பல ஆண்டுகளாகத் வெளிநாட்டிலிருக்கும் என் மகனோடு தினமும் பேச வைக்கிற சேவை இது. நிபந்தனை பிடிக்காதவர்களுக்கு சிக்னல் இருக்கிறது, டெலிகிராம் இருக்கிறது. யாரும் கையைப் பிடித்து அழுத்தச் சொல்லவில்லையே?

கறுப்பு அங்கி:

ஐயா, உங்கள் மகனோடு பேசுவதற்கு வாட்ஸ்அப் உதவுவதை நான் மறுக்கவில்லை. சிக்னல் நல்ல செயலி. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனே 2018இல் சிக்னலின் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். 2021 ஜனவரியில் எங்கள் குடும்பக் குழுவை அங்கே மாற்ற நானும் முயன்றேன். 31 பேரில் 7 பேர் வந்தோம். முதல் வாரம் வணக்கம் சொல்லிக்கொண்டோம். பொங்கல் படங்களை அத்தை பழைய குழுவிலேயே போட்டார். மாத முடிவில் ஏழு பேரும் அங்கேயே திரும்பிவிட்டோம். செயலியைத் தனியாக மாற்றலாம், உறவினர்களைத் தனியாக மாற்ற முடியாது.

பேஸ்புக் 2014இல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோதும் இதையே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் நம்பகமாகத் தானாகப் பொருத்த இயலாது என்று அந்நிறுவனம் அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னது. அப்படிச் செய்ய 2014லேயே வழி இருந்தது என்று பின்னர் கண்டறிந்த ஆணையம், தவறான தகவல் தந்ததற்காக 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் விதித்தது. கொள்முதலை மட்டும் யாரும் திருப்பவில்லை.

ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் இப்போது வேறொரு வழியைத் திறந்திருக்கிறது: பிற செயலிகள் கேட்டால் வாட்ஸ்அப் அவற்றோடு செய்தி பரிமாற இணங்க வேண்டும். ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்குப் பேசுவதைப்போல ஒரு செயலியிலிருந்து இன்னொன்றுக்கு எழுத முடிந்தால், அத்தையை விட்டுவிடாமலே நான் வெளியேறலாம். நம் நாட்டில் கேட்க வேண்டியது இதைத்தான்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. காப்புப் பிரதியின் மறையாக்கத்தை நேற்றிரவே இயக்கிவிட்டேன். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், கேட்கும் பெற்றோருக்கு வீட்டுப்பாடத்தை மீண்டும் நாட்குறிப்பிலும் எழுதித் தர வேண்டும் என்று விண்ணப்பம் கொடுக்கப் போகிறேன். அதன் வரைவை இங்கே இடுகிறேன். கறுப்பு அங்கி அவர்கள் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் உதவியாக இருக்கும்.