ஒழுகினசேரி வீடு: முகிலின் ராக்கெட்

வியாழன்

கவி, இரவு 8:04
எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை முகிலின் பள்ளி அறிவியல் கிளப்பில் ராக்கெட் விடுகிறார்கள். எஸ்டெஸ் கம்பெனியின் ஆல்ஃபா கிட் வாங்கி மூன்று நாளாக ஒட்டிக்கொண்டிருக்கிறான், சாப்பாட்டு மேசை முழுக்கப் பசை. என்ஜின் தனியாக வாங்க வேண்டுமாம். கடையில் ஏ8-3, பி6-4, சி6-5 என்று மூன்று பாக்கெட் தொங்குகிறது, எதை எடுப்பது? சித்தப்பா, சொல்லுங்கள்.

டென்வர் சித்தப்பா, 8:06
ஆல்ஃபாவா!!! என் முதல் ராக்கெட்டும் அதுதான்.

டென்வர் சித்தி, 8:06
போச்சு. தோசை ஆறப் போகிறது.

டென்வர் சித்தப்பா, 8:12
ஏ8-3 வாங்கு, மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காதே. அந்த எழுத்து இருக்கிறதே, அது என்ஜினின் மொத்தத் தெம்பு. ஏ-யைப் போல் இரண்டு மடங்கு பி, பி-யைப் போல் இரண்டு மடங்கு சி. அடுத்த எண் சராசரி உந்துவிசை, நியூட்டன் கணக்கில். கோட்டுக்குப் பின்னால் இருப்பது, மருந்து எரிந்து முடிந்து எத்தனை நொடி கழித்துப் பாராசூட்டை வெளியே தள்ளும் என்பது. சி6-5 இரண்டு நொடிக்குள் எரிந்து தீர்ந்துவிடும், அப்புறம் ஐந்து நொடி வந்த வேகத்தை வைத்தே, வேகம் குறையக் குறைய மேலே போய்க்கொண்டிருக்கும், அதற்குப் பிறகுதான் ‘டப்’. ஆயிரம் அடி வரை போகும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அவ்வளவு உயரத்தில் பாராசூட் விரிந்தால், கொஞ்சம் காற்று இருந்தாலே போதும், உங்கள் ஊரில் இறங்காது. அனுபவித்தவன் சொல்கிறேன்.

விக்கி, 8:13
கான்சாஸ் கதை வருகிறது, எல்லாரும் உட்காருங்கள்

பெரியப்பா, 8:14
(படம்: தாமரைப் பூ, காலை வணக்கம்)

பெரியப்பா, 8:15
என்ன ராக்கெட்? இஸ்ரோவா?

கவி, 8:15
இல்லை பெரியப்பா, முகிலின் ராக்கெட். ஒரு அடி நீளம். அட்டைக் குழாய்.

டென்வர் சித்தப்பா, 8:24
1991 அக்டோபர். படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்திருந்தேன், உங்கள் சித்தி வந்து இரண்டு மாதம். ஒரு ஹாபி கடைக் கண்ணாடியில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். 27 வயது, சொந்தச் சம்பளம், ஊரில் கிடைக்காத பொருள். வாங்கிவிட்டேன். ஃபின்னுக்கு, அதாவது வால் பக்கத்துச் சிறகுக்குப் பால்சா மரம், மரத்தின் ரேகை ஃபின்னின் முன்விளிம்பை ஒட்டியே ஓட வேண்டும், இல்லையென்றால் ஒடியும் என்று போட்டிருந்தது, அதற்காகவே ஒரு மாலை முழுதும் பிளேடும் கையுமாக உட்கார்ந்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீலர் அடித்து, மறுபடி தேய்த்து, சிவப்பும் வெள்ளையும் பெயின்ட். சனிக்கிழமை பூங்காவுக்குப் போனால் சுற்றிலும் எட்டு வயது, ஒன்பது வயதுப் பையன்கள், நடுவில் மீசையோடு நான். அவர்கள் எல்லாரும் ஏ என்ஜின் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பெரிய ஆள் இல்லையா, சி6-5.

டென்வர் சித்தப்பா, 8:29
பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. என்ஜினைப் பற்றவைக்கிற ஒயரின் கிளிப் நழுவியிருந்தது. பட்டன் பெட்டியின் சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருக்க வேண்டும், உடனே கிட்டே போகக் கூடாது, முகிலிடம் இதைச் சொல்லிவிடு. காத்திருந்தேன், மாட்டினேன், மறுபடி அழுத்தினேன். ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம், நிறுத்தி வைத்த கம்பியில் ராக்கெட் இல்லை. போவதைப் பார்க்கவே முடியவில்லை, புகை மட்டும் ஒரு நேர்கோடாக நின்றது. அப்புறம் உச்சியில் ஒரு புள்ளி, பாராசூட் விரிந்தது, எல்லாப் பையன்களும் கை தட்டினார்கள். அது பாட்டுக்குக் கிழக்கே போனது. நானும் ஓடினேன், பூங்கா முடிந்தது, ரோடு முடிந்தது, அது வீடுகளுக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. கான்சாஸில்தான் இறங்கியிருக்கும்.

விக்கி, 8:30
கான்சாஸ் எல்லை டென்வரில் இருந்து இரண்டரை மணி நேரம்

டென்வர் சித்தப்பா, 8:31
இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. ஃபின்னில் வீட்டு ஃபோன் நம்பரைக் கருப்பு மையில் ஏரியா கோடோடு எழுதியிருந்தேன். ஒருத்தர் கூப்பிடவில்லை. பர்ஸ் தொலைந்தால்கூடத் தேடி வந்து தருகிற ஊர் என்பார்கள்.

கவி, 8:32
அய்யோ பாவம் சித்தப்பா

அம்மா, 8:33
கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்.

டென்வர் சித்தப்பா, 8:35
15 அடி தள்ளித்தான் நிற்க வைப்பார்கள் அண்ணி. ராக்கெட்டை விட அந்தக் கம்பிதான் ஆபத்து, குனிந்தால் கண்ணில் குத்தும், அதனால் நுனியில் ஒரு மூடி போட்டு வைப்பார்கள். பையன் கையால் மருந்து அடைக்கிற வேலையே கிடையாது. என்ஜின் தொழிற்சாலையில் செய்து வருகிறது, எரிந்த பிறகு கழற்றித் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பெரியப்பா, 8:47
எங்கள் காலத்தில் அந்த வசதி இல்லை. 1963 நவம்பர் 21 சாயங்காலம், எனக்கு எட்டு வயது. திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் முதல் ராக்கெட் விட்ட நாள். அது அமெரிக்கா கொடுத்த நைக்கி அப்பாச்சி என்பதெல்லாம் பிறகு படித்தது. மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது, அது நகர்வதை வைத்து உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்குப் போட. நம் தெருவில் நின்று பார்த்தால் வடமேற்கே வானத்தில் செம்மஞ்சளாக ஒரு கோடு, ஆச்சி உலகம் அழியப் போகிறது என்று விளக்கேற்றிவிட்டார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் விஷயம் தெரிந்ததும் எல்லாப் பையன்களுக்கும் ராக்கெட் பைத்தியம். நானும் எதிர்வீட்டுப் பையனும் பழைய பேனாக் குழாயில் தீக்குச்சி மருந்தைச் சுரண்டி அடைத்தோம். அது மேலே போகவில்லை, வெடித்தது. என் ஒரு புருவம் போனது. அப்பா அடித்த அடியில் மற்றதும் போயிருக்கும். முகிலிடம் சொல்லாதே.

கவி, 8:48
பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான் பெரியப்பா 😄

டென்வர் சித்தப்பா, 8:56
அண்ணா, நீங்கள் செய்ததை அப்போது அமெரிக்காவில் ஆயிரம் பையன்கள் செய்தார்கள். 1957இல் ஸ்புட்னிக் போவதற்கு முன்னும் பின்னும் கராஜில் குழாயை அடைத்து விரலை இழந்த கூட்டம் நிறைய. அதைப் பார்த்துப் பதறியவர்களில் ஒருவர் ஹாரி ஸ்டைன், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர் எழுதினார், நான் காகிதக் குழாயில் ஒரு ராக்கெட் செய்திருக்கிறேன், என்ஜினை மட்டும் மாற்றி மாற்றி விடலாம் என்று. இந்த விளையாட்டு அங்கே தொடங்கியதுதான். என்ஜின் தேவைப்பட்டபோது டென்வரில் பட்டாசுத் தொழில் செய்த குடும்பத்துப் பையன் வெர்ன் எஸ்டெஸ் ஒரு இயந்திரம் கட்டினார். அதற்கு மேபெல் என்று பெயர். ஐந்தரை நொடிக்கு ஒரு என்ஜின். அவர் கம்பெனி பிறகு பென்ரோஸ் என்கிற சின்ன ஊருக்குப் போனது, எங்கள் வீட்டில் இருந்து இரண்டு மணி நேரம்.

பெரியப்பா, 8:58
பட்டாசுக் குடும்பமா! அப்படியென்றால் அங்கேயும் ஒரு சிவகாசி.

டென்வர் சித்தி, 8:59
இரண்டு மணி நேரம் ஓட்டிப் போய் அந்த ஊரைக் காட்டினார். வயல், ஒரு பெட்ரோல் பங்கு. கல்யாண நாளுக்கு.

விக்கி, 9:05
என் முதல் ராக்கெட் 2001. எட்டு வயது. எல்லாம் சரியாகச் செய்தேன், பாராசூட் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அம்மாவின் குட்டிகூரா பவுடரைக்கூடத் தூவினேன், வாடிங் காகிதம் வைக்க மட்டும் மறந்துவிட்டேன். பாராசூட்டைத் தள்ளுகிற வெடி சூடாக வரும், நடுவில் தீப்பிடிக்காத காகிதம் இல்லையென்றால் பிளாஸ்டிக் உருகிவிடும். உருகியது. சூயிங்கம் மாதிரி ஒரு உருண்டை. ராக்கெட் மூக்கு கீழே பார்க்க நேராக வந்து பேஸ்பால் மைதானத்தில் குத்தி நின்றது, நாங்கள் பக்கத்தில் போனால் குட்டிகூரா வாசனை. கவி அக்கா, வாடிங் வாடிங் வாடிங். டிஷ்யூ பேப்பர் வைக்காதே, அது எரியும்.

கவி, 9:07
குறித்துக்கொண்டேன். முகில் சி6-5 வேண்டும் என்கிறான், அவன் நண்பன் அதைத்தான் வாங்கினானாம்.

டென்வர் சித்தப்பா, 9:07
கூடாது.

பெரியப்பா, 9:08
கூடாது.

விக்கி, 9:08
தனியாக மெசேஜ் பண்ணச் சொல் அக்கா

டென்வர் சித்தி, 9:31
ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி கோபப்பட்டாலும் பரவாயில்லை.

டென்வர் சித்தி, 9:36
அந்த ராக்கெட் போன அடுத்த வாரம் ஒரு ஃபோன் வந்தது. இவர் வேலைக்குப் போயிருந்தார். யாரோ வயதான அம்மா, கடகடவென்று பேசினார், எனக்கு அப்போது ஃபோனில் இங்கிலீஷ் பாதிதான் புரியும். யார்ட் என்றார், ரூஃப் என்றார், ராக்கெட் என்றார். கூரையில் ராக்கெட் விழுந்து ஓட்டையாகிவிட்டது, பணம் கேட்கிறார்கள், இல்லையென்றால் போலீஸ் என்று நினைத்துவிட்டேன். விசா வேறு புதுசு. நோ ராக்கெட், ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிட்டார், மறுபடியும் ராங் நம்பர். மூன்றாவது தடவை நான் எடுக்கவே இல்லை.

விக்கி, 9:37
அம்மா!!!!!

கவி, 9:37
சித்தி 😂😂😂

அம்மா, 9:38
நீ செய்ததுதான் சரி. யார் என்ன என்று தெரியாமல் பேசக் கூடாது.

பெரியப்பா, 9:40
தம்பி எங்கே? ஆன்லைனில் இருப்பதாகத்தான் காட்டுகிறது.

டென்வர் சித்தி, 9:41
எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஃபோனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி ஃபோனைப் பார்க்கிறார்.

டென்வர் சித்தப்பா, 9:58
அந்த அம்மா மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.

டென்வர் சித்தப்பா, 9:59
இத்தனை வருடமாக அந்தத் தெரு ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

கவி, மாலை 6:20
(படம்: முகிலும் ராக்கெட்டும்) முடிந்தது! நீலமும் வெள்ளியும் அவன் தேர்வு.

பெரியப்பா, 6:31
அருமை. ஒரு வருடம் தீபாவளி ராக்கெட்டின் குச்சியை உடைத்துவிட்டுக் கொளுத்தினேன், குச்சி எதற்கு என்று பார்க்க. தரையோடு நாலு திசையும் சுற்றிப் பக்கத்து வீட்டு வைக்கோல் போரில் போய் நுழைந்தது. வால் பக்கம் காற்று பிடிக்க இடம் வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்ததைத்தான் பிறகு முப்பது வருடம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். குச்சி செய்கிற வேலையை இதில் அந்த ஃபின் செய்கிறது.

டென்வர் சித்தப்பா, 6:33
கவி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாய் ஒட்ட வேண்டுமே, அது எங்கே? கம்பி அதற்குள்தான் நுழையும். அது இல்லாமல் ராக்கெட்டை நிறுத்தவே முடியாது.

கவி, 6:35
எந்தக் குழாய்?

கவி, 6:41
குப்பையில் போட்டிருக்கிறேன். ஸ்ட்ரா துண்டு என்று நினைத்தேன். குப்பை வண்டி காலையிலேயே போய்விட்டது.

டென்வர் சித்தி, 6:42
கவி, நீ என் கட்சி.

டென்வர் சித்தப்பா, 6:44
பரவாயில்லை, நிஜமாகவே ஸ்ட்ரா போதும். இரண்டு அங்குலம் வெட்டி, இரண்டு ஃபின்னுக்கு நடுவில், உடம்போடு நேராக ஒட்டச் சொல். கோணலாக ஒட்டினால் கம்பியில் சிக்கும். காய்ந்ததும் கம்பியில் விட்டு வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் ஃபோன் நம்பர் எழுதச் சொல். ஃபின்னில் வேண்டாம், உடம்பில் பெரிதாக.

சனி

கவி, மதியம் 2:10
(வீடியோ) ஏ8-3. பாருங்கள் பாருங்கள்

பெரியப்பா, 2:12
இங்கே ஊரில் நடு ராத்திரி, தூக்கம் வரவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பிரமாதம். நேராகப் போகிறது.

டென்வர் சித்தப்பா, 2:13
சபாஷ்!! காற்று வருகிற பக்கம் லேசாகத் தலையைத் திருப்புகிறது பார், அது அப்படித்தான் செய்யும். எங்கே இறங்கியது?

கவி, 2:15
இருபது அடி தள்ளி. ஓடிப் போய்க் கையில் பிடித்துவிட்டான், எல்லாரும் கத்திய கத்தலில் என் காது போச்சு. இப்போது இரண்டாவது விடப் போகிறான்.

கவி, 3:05
விக்கி.

கவி, 3:05
விக்கி, இவன் பையில் சி6-5 எப்படி வந்தது?

விக்கி, 3:09
அமேசான்

கவி, 3:11
மைதானம் தாண்டி, தேவாலயக் கார் நிறுத்தம் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் போனது. மூன்று பேர் தேடுகிறார்கள். இவன் அழவில்லை, சிரித்துக்கொண்டே வருகிறான், ‘அம்மா, பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு உயரம்’ என்று.

டென்வர் சித்தப்பா, 3:12
நம்பர் எழுதினானா?

கவி, 3:12
என் நம்பர். பெரிதாக.

டென்வர் சித்தி, 3:13
ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொள். யார் கூப்பிட்டாலும் எடு.

கவி, 4:40
அய்யய்யோ. 4:22க்குத் தெரியாத நம்பரில் இருந்து ஒரு கால். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், பழக்கத்தில் கட் பண்ணிவிட்டேன்.

டென்வர் சித்தப்பா, 4:40
திருப்பிக் கூப்பிடு!

பெரியப்பா, 4:41
கூப்பிடம்மா

விக்கி, 4:41
சீக்கிரம் அக்கா

கவி, 4:46
பேசிவிட்டேன். எங்கள் கார் வாரண்டி முடியப் போகிறதாம்.

டென்வர் சித்தி, 4:47
பரவாயில்லை, அடுத்ததையும் எடு.