ஆர்மோனிய வீடு (வாட்ஸ்அப் குழு)

முரளி சித்தப்பா: நாளை வரவேற்புக் கச்சேரிக்கு ஒரு சிக்கல். கோபியின் கீபோர்டு ஆட்டோவிலிருந்து இறக்கும்போது விழுந்துவிட்டது.

லதா சித்தி: ஐயோ. கோபிக்கு அடி இல்லையே?

கோபி: எனக்கு ஒன்றுமில்லை சித்தி. கீபோர்டுதான் வாய் திறக்க மறுக்கிறது. நண்பனிடமிருந்து 49 கட்டை உள்ள ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். அதில் ஒலி கிடையாது. லேப்டாப்பில் இணைத்து வாசிப்பேன்.

பெரியப்பா: ஒலியே இல்லாத கீபோர்டா?

விஜி: 😂😂

கோபி: பெரியப்பா, கட்டையை அழுத்தினால் எது, எவ்வளவு வேகமாக என்ற செய்தி மட்டும் போகும். அதுதான் மிடி, 1983இலிருந்து இருக்கிறது. வயலின், பியானோ எல்லாம் லேப்டாப்புக்குள் வி.எஸ்.டி. என்ற மென்பொருள் கருவிகளாக இருக்கின்றன. கிக் பெர்ஃபார்மர் என்ற மென்பொருள் அவற்றைப் பாட்டு வாரியாக அடுக்கிவைக்கும். காலால் ஒரு மிதி மிதித்தால் அடுத்த பாட்டுக்கான ஒலி வந்துவிடும். அழுத்திப் பிடித்திருக்கும் பழைய ஸ்வரமும் நடுவில் அறுபடாது.

லதா சித்தி: பூக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை. யாராவது கடைக்குப் போங்கள்.

பெரியப்பா: காதுகுத்தில் நடந்தது நினைவிருக்கிறதா? பாதிப் பாட்டில் லேப்டாப் தானே அணைந்து அப்டேட் ஆகத் தொடங்கியது. தவில்காரர் மட்டும் இல்லையென்றால்...

விஜி: சதவீதம் ஏறுவதைத் திரையில் எல்லோரும் பார்த்தோம் 🙈

கோபி: இந்த முறை வைஃபை, அப்டேட் இரண்டையும் இப்போதே நிறுத்திவிட்டேன்.

முரளி சித்தப்பா: அழுத்தியவுடன் ஒலி வருமா? போன முறை நான் பல்லவியை முடித்த பிறகுதான் உன் ஒலி வந்தது.

கோபி: லேப்டாப் ஒலியைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துத்தான் வெளியே அனுப்பும், அந்தத் துண்டின் அளவுதான் பஃபர். அப்போது அதை 1024 சாம்பிளில் வைத்திருந்தேன், 23 மில்லிசெகண்ட் தாமதம். இப்போது 128. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில் 3 மில்லிசெகண்டுகூட ஆகாது. மற்ற இணைப்புகளால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பத்தடி தள்ளி இருக்கும் தபேலாவின் ஒலி உங்கள் காதுக்கு வரவே 9 மில்லிசெகண்ட் ஆகிறது சித்தப்பா.

முரளி சித்தப்பா: அப்படியானால் நான் தாளம் விடுவதற்குத் தபேலாதான் காரணம்.

விஜி: இல்லை அப்பா.

பெரியப்பா: கரண்ட் போனால்?

கோபி: லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை ஸ்பீக்கர் ஊமைதான். எனக்கு பயம் வேறு. சார்ஜரைச் செருகினால் ஸ்பீக்கரில் ஙொய்ய்ய் என்று இரைகிறது. எடுத்துவிட்டால் இரைச்சல் போகிறது, ஆனால் லேப்டாப் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பட் பட்டென்று வெடிக்கிறது. மைக்செட்காரரிடம் அந்த இரைச்சலைத் தடுக்கும் டி.ஐ. பாக்ஸ் இருக்கிறதா என்று யாராவது கேளுங்கள்.

லதா சித்தி: அவருக்கு முன்பணமே இன்னும் போகவில்லை. யார் தருவதாக இருந்தது?

முரளி சித்தப்பா: பிறகு பேசலாம்.

பெரியப்பா: அப்பாவின் ஆர்மோனியத்துக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. துருத்தியை இழுத்தால் பாடும். அது இப்போது திருச்சியில் அலமாரிக்கு மேல் இருக்கிறதாம்.

விஜி: தொடங்கிவிட்டார் 🤐

திருச்சி அத்தை: அலமாரிக்கு மேல் இல்லை அண்ணா. பூஜை அறையில் பட்டுத்துணி சுற்றி இருக்கிறது. அப்பா கையால் கொடுத்தது.

பெரியப்பா: யார் இல்லை என்றது?

கோபி: அத்தை, காலை பஸ்ஸில் வரும்போது அதையும் கொண்டுவர முடியுமா? லேப்டாப் நின்றுபோனால் கைகொடுக்கும். தாத்தாவின் பெட்டி வழக்கமான 440 ஹெர்ட்ஸ் சுருதிக்குச் சற்று ஏறி நிற்கும். ரீடைச் சுரண்ட வேண்டாம், மென்பொருளின் சுருதியை நான் அதற்கேற்ப உயர்த்திக்கொள்கிறேன்.

விஜி: இந்த வீட்டில் எல்லோரும் அதற்கேற்பத்தான்.

திருச்சி அத்தை: கொண்டு வருகிறேன். ஆனால் திரும்பி என்னோடுதான் வரும். இப்போதே சொல்லிவிட்டேன்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி சித்தப்பா: அண்ணா, என்ன எழுதினீர்கள்?

லதா சித்தி: வாழையிலை 300 போதுமா?