ஜவேரி பஜாரில் பார்த்த சிவப்புக்கல் அட்டிகை: 'பர்மா மாணிக்கம்' என்ற பேச்சுக்குத் தனியாகப் பணம் கொடுக்கலாமா?

டோம்பிவிலி_புதுவரவு

எல்லாருக்கும் வணக்கம். என் சம்பளத்தில் நானே வாங்கப்போகும் முதல் பெரிய நகை. மும்பையின் நகைக்கடைப் பகுதியான ஜவேரி பஜாரில் பழைய நகை விற்கும் ஒருவரிடம் சிவப்புக்கல் அட்டிகை ஒன்று பார்த்தேன். நடுவில் அன்னப்பட்சிப் பதக்கம், கீழே முத்துத் தொங்கல்கள், பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு வைத்து மூடியிருக்கிறது. மொத்த எடை 46 கிராம். ஹால்மார்க் கிடையாது. "செட்டிநாட்டு வீட்டு நகை, நூறு வருஷத்துக்கு மேலாச்சு, கல் பூரா பர்மா மாணிக்கம், முத்து பஸ்ரா" என்கிறார் (பஸ்ரா என்றால் வளைகுடாக் கடலின் இயற்கை முத்தாம்). 46 கிராமுக்கும் இன்றைய 22 கேரட் விலை போட்டு, அதற்கு மேல் கல்லுக்கும் பழமைக்கும் ஒன்றரை லட்சம் கேட்கிறார். நகை மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அவர் சொல்வதில் எதை நம்புவது, எதை எப்படிச் சரிபார்ப்பது?

மாட்டுங்கா_கணக்கர்

வாங்க வேண்டாம். காரணம் அவர் சொன்ன விலையிலேயே இருக்கிறது.

46 கிராம் என்பது மொத்த எடை. அதில் கல் இருக்கிறது, முத்து இருக்கிறது, மூடின தகட்டுக்குள் அரக்கு இருக்கிறது. அரக்கையும் கல்லையும் தங்க விலைக்கு விற்றுவிட்டு, அதே கல்லுக்கு மறுபடி ஒன்றரை லட்சம் வாங்குகிறார். ஒரே பொருளுக்கு இரண்டு முறை காசு. நாளைக்கு அவசரம் என்று நீங்கள் இதை விற்கப் போனால், எந்தக் கடையிலும் முதல் வேலையாக கல், அரக்கு எடையைக் கழிப்பார்கள். மிச்சத் தங்கத்தையும் தரம் பார்த்துத்தான் எடுப்பார்கள். பர்மா என்ற பேச்சே அங்கே எழாது.

புது நகை வாங்குங்கள். அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22கே916 (22 கேரட், 91.6 சதவீதம் தங்கம்), நகைக்கு நகை மாறும் ஆறு எழுத்தெண் கொண்ட ஹெச்யூஐடி, மூன்றும் இருக்கும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கடை, எந்தத் தரம் என்று வந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைக்காரர் ஹெச்யூஐடி இல்லாத நகையை விற்கக்கூடாது.

பத்தர்வீட்டுப்_பிள்ளை

கணக்கர் சார், மொத்த எடைக்குத் தங்க விலை போட்டது தப்பு. அதுல உங்க பக்கம்தான் நான். ஆனா ஹால்மார்க் இல்லைங்கிறதை மட்டும் வச்சு இதைத் தள்ள முடியாது. குந்தன், போல்கி, ஜடாவ்னு சொல்ற வடநாட்டுக் கல் பதிப்பு வேலைக்குக் கட்டாய ஹால்மார்க்கில விலக்கு இருக்கு. நம்ம ஊர் பழைய கல் அட்டிகையும் அதே மாதிரி வேலைதான்: உள்ளே அரக்கு, கல்லுக்கு அடியில பளபளப்புத் தகடு, சுத்தி மெல்லிசான சொக்கத்தங்கத்தை அழுத்தி அழுத்திக் கல்லைப் பிடிக்க வைக்கிறது.

தங்கச்சி, முதல்ல நகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாருங்க. முன்பக்கத்தை யாரும் அழகாக்கிடலாம், பின்பக்கத்துலதான் வேலைக்காரன் கை தெரியும். ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியோட உரசுற இடம் தேய்ஞ்சிருக்கணும், அதுவும் கழுத்துல தொங்குற திசைக்கு ஏத்த மாதிரி. எல்லா இடமும் ஒரே அளவு மங்கலா இருந்தா அது மருந்து போட்டுக் கறுப்பாக்கினது. அப்புறம் பூவேலையில ரெண்டு பக்கத்து இதழையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு லென்ஸ்ல பாருங்க. கையால செஞ்சதுல ஒண்ணு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், ஒண்ணு கொஞ்சம் தடிச்சிருக்கும். வார்ப்புல எடுத்ததுன்னா ஒரு இதழ்ல இருக்கிற குழி அதே இடத்துல எல்லா இதழ்லயும் இருக்கும்.

இன்னொண்ணு. பெரிய கடைகள்ல 'ஆன்டிக்' பிரிவுன்னு வச்சிருக்கிறது பெரும்பாலும் போன மாசம் செஞ்ச நகை. நிறத்தை மட்டும் மங்க வச்சிருப்பாங்க. முதல் தடவை வாங்குறவங்க பலர் அதையும் பழைய நகையையும் ஒண்ணுன்னு நினைச்சிடுறாங்க.

கல்லாய்வு_அந்தேரி

ரத்தினக்கல் ஆய்வுதான் என் தொழில். வயசு பற்றி பத்தர்வீட்டு அண்ணன் சொன்னதை ஏற்கிறேன். நகை பழையது என்று முடிவானாலும் கல் இயற்கை என்று ஆகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்.

சிவப்பாக இருப்பது மாணிக்கமாக இருக்கலாம், ஸ்பினலாக இருக்கலாம், கார்னெட்டாகவும் கண்ணாடியாகவும் இருக்கலாம். பிரிட்டிஷ் அரச மகுடத்தில் 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று பெயர் பெற்ற கல்லே ஸ்பினல்தான். அரசர்களிடமே அப்படி என்றால் ஒரு வீட்டு அட்டிகையில் வேறு கல் இருப்பது யாரையும் குறை சொல்லும் விஷயம் ஆகாது.

அடுத்தது செயற்கை மாணிக்கம். பிரான்ஸில் வெர்னுய் என்பவர் தீச்சுடரில் மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அதன்பின் சில வருடங்களிலேயே அந்தக் கற்கள் உலகச் சந்தையில் பரவிவிட்டன. ஆகவே நூறு வயதான நகையில் நூறு வயதான செயற்கைக் கல் இருக்க நன்றாகவே இடம் உண்டு. அதன் உள்ளே வளர்ச்சிக் கோடுகள் வளைந்து ஓடும். இயற்கைக் கல்லில் நேர்க்கோடாகவோ கோணமாகவோ இருக்கும். குமிழி தெரிந்தால் கண்ணாடியோ செயற்கையோ என்று சந்தேகப்பட வேண்டும். விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மட்டமான மாணிக்கமும் 2004 வாக்கில் இருந்து சந்தையில் கொட்டிக் கிடக்கிறது. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்த நிரப்பு அரிக்கும். பழைய நகையில் விழுந்துபோன கல்லுக்குப் பதிலாக இதை வைத்திருந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது.

அந்தக் கடைக்காரர் புற ஊதா டார்ச் அடித்து "பாருங்க எப்படி சிவப்பா எரியுது, பர்மா!" என்று காட்டினால் மயங்காதீர்கள். பர்மா மாணிக்கம் எரியும், சிவப்பு ஸ்பினலும் எரியும், செயற்கை மாணிக்கம் பல சமயம் இன்னும் பிரகாசமாக எரியும்.

செம்பூர்_மாமி

பின்பக்கம் மூடினதுன்னு சொல்றாளே, அப்போ லேப்ல குடுத்தாலும் பார்க்க முடியுமோ?

கல்லாய்வு_அந்தேரி

ஓரளவுதான் மாமி. மேலே தட்டையான முகம் இருந்தால் ஒளிவிலகல் எண், அதாவது கல் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை, பார்க்கலாம். இருநிறம் காட்டுகிறதா என்றும் பார்க்கலாம். மாணிக்கம் திசைக்குத் திசை இரண்டு சிவப்பு காட்டும். ஸ்பினல், கார்னெட், கண்ணாடி ஒன்றுதான் காட்டும். ஆனால் அடியில் தகடு இருப்பதால் கல்லின் உண்மையான நிறம் தெரியாது, எடை தெரியாது, இயற்கையா செயற்கையா என்பதற்கான உள் அடையாளங்கள் பாதிதான் தெரியும். நகையில் பதித்த கல்லுக்கு 'பதிப்பு அனுமதித்த அளவுக்கு' என்று எழுதித்தான் அறிக்கை தருவோம். எந்தச் சுரங்கத்து மண் என்று இந்த நிலையில் எந்த ஆய்வகமும் கையெழுத்துப் போடாது.

ஆகவே என் கருத்து: இரண்டு மூன்று கல்லைக் கழற்றிக் காட்டட்டும். காட்டவில்லை என்றால் கல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பத்தர்வீட்டுப்_பிள்ளை

இதை நான் ஒத்துக்க மாட்டேன் சார். கல்லைக் கழற்றுறது சட்டைப் பொத்தானைக் கழற்றித் தைக்கிற மாதிரி வேலை இல்லை. பழைய அரக்கு காய்ஞ்சு பொடியா இருக்கும். ஒரு கல்லைத் தூக்கினா பக்கத்துக் கல் ஆடும், அடித்தகடு கிழியும், காத்து பட்டா கறுக்கும். திரும்ப அதே மாதிரி வைக்கத் தெரிஞ்ச கை இன்னிக்கு ரொம்பக் குறைவு. சோதிச்சுப் பார்க்கிறேன்னு நகையைக் கெடுத்துட்டு, அப்புறம் 'கல் நிஜம்தான்'னு ஒரு காகிதம் வாங்கி என்ன பண்றது? நல்ல பழைய நகை வச்சிருக்கிறவன் இதுக்குச் சம்மதிக்க மாட்டான். சம்மதிச்சா அவன் மேலதான் எனக்குச் சந்தேகம் வரும்.

கல்லாய்வு_அந்தேரி

கழற்ற முடியாதது நகையின் இயல்பு, சரி. அந்த இயல்பால் வரும் சந்தேகத்தின் செலவை வாங்குபவர் ஏன் சுமக்க வேண்டும்? பர்மா என்று சொல்பவர் நிரூபிக்கட்டும், இல்லை அந்தச் சொல்லை விலையிலிருந்து எடுக்கட்டும்.

மாட்டுங்கா_கணக்கர்

அதேதான். இவ்வளவு சந்தேகத்தோடு ஒரு பெண் தன் முதல் சேமிப்பை எதற்காக இதில் போட வேண்டும்?

செம்பூர்_மாமி

கணக்கர் சார், நீங்க சொல்ற புது நகைக்கும் செய்கூலி, சேதாரம்னு போட்டுக்கறாளே, ஆன்டிக் மாடல்னா இன்னும் கூடப் போடறா, மேல 3 சதவீதம் ஜிஎஸ்டி. நாளைக்குத் திருப்பிக் குடுத்தா அதெல்லாம் வருமோ? வராது. அதை நஷ்டம்னு யாரும் சொல்றதில்லை, பழைய நகையில கைவேலைக்குக் குடுத்தா மட்டும் நஷ்டமா? ஒருத்தர் மாசக்கணக்கா உட்கார்ந்து பண்ணின வேலை. அந்தக் குழந்தை போட்டுக்க ஆசைப்படறா. அவ அதை முதலீடா நினைக்கலை.

ஆனா வயசு விஷயத்துல நானும் ஜாக்கிரதைன்னுதான் சொல்வேன். இங்க மாட்டுங்கா, செம்பூர் குடும்பங்கள்ல காசுமாலை நிறைய உண்டு. மும்பை நாணயச்சாலையில 1918-ல மட்டும்தான் சவரன் தங்கக் காசு அடிச்சா, அதுல 'ஐ'னு சின்னதா குறி இருக்கும். அந்தக் காசு கோத்த மாலையைக் காட்டி "1918 மாலை"ன்னு விலை சொல்றவா உண்டு. 1918 காசுக்கு. மாலையைப் போன வருஷம்கூடக் கோத்திருக்கலாம். நூறு வருஷம்னா எதை வச்சுச் சொல்றார்னு கேளும்மா: பழைய போட்டோ இருக்கா, ரசீது இருக்கா, யாராத்து நகைன்னு சொல்ல ஆள் இருக்கா?

மாட்டுங்கா_கணக்கர்

மாமி, செய்கூலி பற்றி நீங்கள் சொன்னது நியாயம். ஆனாலும் புது நகையில் தங்கத்தின் தரம் உறுதி, இதில் அதுவும் உறுதியில்லை. பற்றவைப்பு அதிகமான பழைய நகையை உருக்கினால் 916 தேறாமல் போவது சாதாரணம். தங்கத்தின் தரம் அளக்கும் எக்ஸ்ரே இயந்திரத்தில் காட்டினாலும் அது மேற்பரப்பைத்தான் படிக்கும். அதனால் ஒரே இடத்தில் காட்டாமல் கொக்கி, பின்தகடு, கண்ணி, பற்றவைத்த மூட்டு என்று தனித்தனியாக அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

நூறு வருடம் என்ற பேச்சுக்குச் சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கலைப்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. "உங்களிடம் உரிமம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். நூறு எப்படி எண்பதாகிறது என்று தெரியும்.

யாருடைய நகை என்பதும் முக்கியம். திருட்டு நகை என்று நாளை போலீஸ் வந்தால் உங்களிடமிருந்து எடுத்துப்போவார்கள், பணம் திரும்பாது. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வருமான வரிச் சட்டம் அதை அனுமதிக்கவில்லை. வங்கி வழியாக மட்டும்.

டோம்பிவிலி_புதுவரவு

எல்லாருக்கும் நன்றி. நேற்று மறுபடி போயிருந்தேன். பின்பக்கம் பார்த்தேன்: கண்ணிகள் தேய்ந்திருக்கின்றன, இதழ்கள் ஒன்றுபோல் இல்லை, இரண்டு இடத்தில் பழுது பார்த்த தடம் தெரிகிறது. உரிமம் பற்றிக் கேட்டதும் "ஒரு எழுபது எண்பது வருஷம் இருக்கும்மா" என்றார். பில்லில் 'இயற்கை மாணிக்கம், பர்மா' என்று எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். 'சிவப்புக்கல், முத்து' என்றுதான் எழுதுவேன் என்றார். கல்லைக் கழற்ற மறுத்துவிட்டார். எக்ஸ்ரே பரிசோதனைக்குக் கூடவே வரச் சம்மதம். முத்தைப் பல்லில் தேய்த்துக் காட்டினார், நறநறவென்று இருந்தது. அப்போது பஸ்ராதானே?

கல்லாய்வு_அந்தேரி

பல்லில் தேய்த்தால் கண்ணாடி, பிளாஸ்டிக் முத்து இல்லை என்று மட்டும் தெரியும். வளர்ப்பு முத்தும் அதே மாதிரிதான் நறநறக்கும், அதன் மேலேயும் அதே முத்துப்படலம்தானே. இயற்கையா வளர்ப்பா என்பதை எக்ஸ்ரே படம் எடுத்துத்தான் பிரிக்க முடியும். தொங்கல் முத்தைக் கம்பியிலிருந்து எடுப்பதில் நகைக்குச் சேதம் இல்லை, கேட்டுப் பாருங்கள். பில்லில் 'சிவப்புக்கல்' என்றால் விலையிலும் சிவப்புக்கல்தான்.

பத்தர்வீட்டுப்_பிள்ளை

அவர் அப்படி எழுதுறேன்னு சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. திறந்து பார்க்காத கல்லுக்கு 'பர்மா'ன்னு எழுதுறவன்தான் பொய் சொல்றான். வாயால சொன்னது வியாபாரம், எழுத மறுத்தது நேர்மை. தங்கச்சி, நகை கைவேலைதான்னு நீங்க சொல்றதுல இருந்தே தெரியுது. விலையை இப்படிப் பேசுங்க: அரக்கு, கல், முத்து எல்லாத்துக்கும் கழிவு எவ்வளவுன்னு அவரே சொல்லட்டும், அந்தக் கழிவையும் நிகர எடையையும் பில்லுல தனியா எழுதட்டும். நிகரத் தங்கத்துக்கு பரிசோதனையில வந்த தரத்தோட விலை. அதுக்கு மேல, ஒரு நல்ல கடையில இதே மாதிரி கல் அட்டிகைக்குச் செய்கூலி என்ன போடுவாங்களோ அந்த அளவு கைவேலைக்கு. பர்மாவுக்கும் நூறு வருஷத்துக்கும் ஒண்ணும் கிடையாது.

மாட்டுங்கா_கணக்கர்

இந்தக் கணக்குப்படி தந்தால், வாங்குவதில் எனக்கும் பெரிய மறுப்பு இல்லை. கைவேலைக்கான தொகையை மட்டும் திரும்ப வராத செலவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றரை லட்சத்தில் பாதிக்கு இறங்கி 'உங்களுக்காக' என்று சொன்னாலும் அது இன்னும் பர்மாவுக்கான காசுதான்.

செம்பூர்_மாமி

வாங்கினா தண்ணியில நனைக்காதே, அரக்குக்குள்ள போச்சுன்னா கல் கறுக்கும். சென்ட் அடிச்சுண்டு அப்புறம் போட்டுக்கோ, முத்து கெட்டுப்போகும். கடையில பாலிஷ் பண்ணித் தரேன்னு அல்ட்ராசானிக் மெஷின்ல போட விடாதே.

டோம்பிவிலி_புதுவரவு

நிகர எடைக் கணக்கைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். ஒத்துக்கொண்டால் சனிக்கிழமை பரிசோதனை மையத்துக்குப் போகிறோம், அளவுகள் வந்ததும் இங்கே போடுகிறேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் வாங்கப்போவதில்லை.